நுங்குக்குள் விளக்கு: புண்ணுக்கு எந்த ஒளி?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேபைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போதுதான் யாராவது பெரிய கேள்வியோடு வருவார்கள். அன்று வந்தவள் எங்கள் எம்.எஸ்ஸி மாணவி. கையில் இரசாயனம் வாங்குவதற்கான படிவம். நான்கு பெயர்களை எழுதி, பக்கத்தில் தென்னாப்பிரிக்கப் பணமான ரேண்டில் விலை போட்டு, மூன்றின் மேல் கேள்விக்குறி இட்டிருந்தாள். "அக்கா, திங்கட்கிழமை காலையில் கொடுக்கணும். ஒண்ணு வாங்கத்தான் காசு இருக்கு. எது?"

அவள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் பிறந்து வளர்ந்தவள். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்த குடும்பம். அவளுக்கு வரும் தமிழ், அக்கா, ஆயா, தாத்தா, சாமி பெயர்கள், சாப்பாட்டுப் பெயர்கள், அவ்வளவுதான். மீதி எல்லாம் இங்கிலீஷ். இங்கே அவள் பேசுவதை நான் என் நாகர்கோவில் தமிழில் போட்டிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆராய்ச்சியே அவள் ஆயாவின், அதாவது பாட்டியின், காலில் தொடங்கியதுதான். சர்க்கரை நோய். இங்குள்ள இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் அது இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆயாவின் வலது பாதத்தில் ஒரு புண், மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கிளினிக்கில் சிஸ்டர் கட்டைப் பிரிப்பார். இங்கே நர்ஸை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். காய்ந்து ஒட்டிய காஸ் துணி, புதிதாக வளர்ந்த மெல்லிய தோலையும் பிய்த்துக்கொண்டு வரும். ஒவ்வொரு இழுப்புக்கும் ஆயா ஒரு "முருகா" சொல்வாராம். ஒரு வாரம் புண் நன்றாக இருக்கிறது என்றார்கள். அடுத்த வாரம் உள்ளே சீழ். அப்போது இவள் கேட்ட கேள்விதான் ஆய்வின் தலைப்பானது: கட்டைப் பிரிக்காமலே உள்ளே நடப்பதை வெளிச்சம் போட்டுப் பார்க்க முடியாதா? பார்க்கிற அதே வெளிச்சம் கிருமியையும் கொல்லாதா?

அதற்கான பொருள்தான் ஒளிரும் ஹைட்ரோஜெல். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். பெரும்பகுதி தண்ணீர், ஆனால் கையில் எடுத்தால் ஒழுகாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு வலை அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. மருத்துவத்துக்கு இதைக் கொண்டுவந்தவர்கள் பிராக் நகரத்தின் வேதியியலாளர்கள் ஓட்டோ விக்டர்லேயும் டிராஹோஸ்லாவ் லிம்மும். 1960-இல் கட்டுரை வெளியிட்டார்கள். மறு வருஷம் கிறிஸ்துமஸ் சமயத்தில், விக்டர்லே தன் பிள்ளைகளின் விளையாட்டுக் கட்டுமானப் பெட்டியில் இருந்த பாகங்களை வைத்து ஒரு சுழலும் கருவி செய்து, சமையலறை மேசையிலேயே மென்மையான கான்டாக்ட் லென்ஸ் வார்த்தார். 1962-இல் ஜார்ஜ் விண்டர் பன்றிகளின் தோலில் சோதித்து, ஈரமாக வைத்த புண் காயவிட்ட புண்ணைவிடச் சீக்கிரம் மூடுகிறது என்று காட்டினார். "புண்ணைக் காத்தாட விடு" என்று எங்கள் அம்மா இன்னமும் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறார், அது வேறு கதை.

ஆக, ஜெல் ஈரத்தைக் காக்கும், ஒட்டாது, ஒளி ஊடுருவும். அதற்குள் ஒளிரும் ஒன்றைக் கலந்துவிட்டால் விளக்கு ரெடி. எந்த விளக்கு என்பதுதான் சிக்கல். படிவத்தில் இருந்த நால்வர்: கார்பன் புள்ளி, குவாண்டம் புள்ளி, அருமண் நானோ துகள், ஐசிஜி என்ற பச்சைச் சாயம். ஐந்தாவதாக ஒன்றை நான் எழுதினேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் விலைப் பட்டியலை மூடி வைக்கச் சொன்னேன். மொபைலை எடுத்து, டார்ச்சைப் போட்டு, விரல்களைச் சேர்த்து அதன் மேல் வைக்கச் சொன்னேன். லேப் விளக்கை அணைத்தோம். விரல் ஓரமெல்லாம் கனன்ற கரி மாதிரி சிவப்பு. "டார்ச் வெள்ளை வெளிச்சம்தானே, நீலமும் பச்சையும் எங்கே போச்சு?" என்று கேட்டேன். இரத்தத்தின் ஹீமோகுளோபின் அவற்றைக் குடித்துவிட்டது. சிவப்பு மட்டும் தப்பி வந்தது. ஒளியின் அலைநீளத்தை நானோமீட்டரில் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளப்போம், நிறத்துக்கு நிறம் அது மாறும். சுமார் 650 நானோமீட்டரில் தொடங்கி 950 வரை உடம்புக்குள் ஒளி ஓரளவு தாராளமாக நடமாடும் சாளரம் இருக்கிறது. அதற்குக் கீழே இரத்தமும், தோலுக்கு நிறம் தரும் மெலனினும் மறிக்கும், அதற்கு மேலே தண்ணீர் மறிக்கும்.

மெலனின் என்று சொன்னதும் அவள் என் கையையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். எங்கள் லேபில் இருக்கும் ஸூலு இன நண்பனின் கையிலும் இதையே செய்தால் சிவப்பு இன்னும் மங்கலாக வரும், நீலம் சுத்தமாக வராது. தோலின் நிறத்தை அளந்து மனிதரைப் பிரித்த நாட்டில் இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் விட்டால் ஆபத்து. விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், கறுப்பின நோயாளிகளிடம் உண்மையான ஆக்சிஜன் குறைவைத் தவறவிடுவது வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று அமெரிக்காவில் 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. வெளுத்த தோலில் சோதித்து முடித்த கருவியை நம் தோலில் மாட்டினால் வரும் வினை அது. புண்ணின் நடுவில் மேல்தோல் இல்லாததால் மெலனின் தொல்லை குறைவு. ஆனால் கிருமி பரவுவதும் புதுத் தோல் வளர்வதும் புண்ணின் விளிம்பில். அங்கே மெலனின் உண்டு. டர்பனில் செய்கிற ஜெல், டர்பனில் இருக்கிற தோல் எல்லாவற்றிலும் தெரிய வேண்டும். என்னைக் கேட்டால் விலைக்கு முந்தைய வடிகட்டி இதுதான்.

சரி, இப்போது நால்வரையும் பார்ப்போம்.

அவள் ஆசைப்பட்டது கார்பன் புள்ளிதான். ஆசைப்படாமல் எப்படி? 2004-இல் கார்பன் நானோ குழாயைச் சுத்தம் செய்தபோது தற்செயலாகத் தட்டுப்பட்ட துகள்கள் இவை. சில நானோமீட்டர் அளவுதான். சிட்ரிக் அமிலத்தையும் யூரியாவையும் தண்ணீரில் கரைத்து, இறுக மூடிய எஃகுப் பாத்திரத்தில் 200 டிகிரியை ஒட்டிச் சில மணி நேரம் சுட்டால் பழுப்பாக ஒரு திரவம் வரும், ஏறக்குறைய காபி டிகாக்ஷன். அதன் மேல் புற ஊதா விளக்கைக் காட்டினால் அந்த டிகாக்ஷன் நீலமாக எரிகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி. எலுமிச்சைச் சாற்றிலிருந்தும் செய்யலாம், கறிவேப்பிலையிலிருந்தும் செய்யலாம். நம் ஊர்க் கல்லூரிகளில் இதைச் செய்யாத வேதியியல் துறை இல்லை என்று சொல்லிவிடலாம். விலை ஒன்றுமே இல்லை. நஞ்சும் குறைவு. தண்ணீரில் தானாகக் கரையும். சிலவற்றின் ஒளிர்வு அமில-காரத் தன்மைக்கேற்ப மாறும். ஆறாத புண் காரப் பக்கம் சாய்வது வழக்கம் என்பதால் அது உபயோகமான குணம்.

ஆனால் நீலம். அங்கேதான் எனக்கு ஒத்துவரவில்லை. நீல ஒளியை வரவழைக்கப் புற ஊதாக் கதிரோ ஊதா ஒளியோ பாய்ச்ச வேண்டும். அந்தக் கதிர் பட்டால் நம் தோலில் இருக்கும் கொலாஜன் என்ற புரதமும் அதே நீலத்தில் ஒளிரும். எது ஜெல், எது சதை? அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. பாக்டீரியாக்களுக்கே சொந்த வெளிச்சம் இருக்கிறது. 405 நானோமீட்டர் ஊதா ஒளியை அடித்தால் பல வகைப் பாக்டீரியாக்கள் தம் உடலில் இருக்கும் போர்ஃபிரின் என்ற நிறமியால் சிவப்பாகவும், சூடோமோனாஸ் என்ற வகை நீலம் கலந்த பச்சையாகவும் ஒளிரும். கனடாவிலிருந்து வரும் மொலிக்யூலைட் என்ற கைக்கருவி இந்த ஒன்றை மட்டும் நம்பி வேலை செய்கிறது. அறையை இருட்டாக்கி, புண்ணுக்கு நேரே பிடித்துப் படம் எடுக்க வேண்டியதுதான். சாயமும் வேண்டாம், ஜெல்லும் வேண்டாம். இப்படிக் கிருமியே கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, அதன் மேல் நாம் நீல ஜெல்லைப் பூசுவது, மின்மினியைத் தேடும் இடத்தில் ட்யூப்லைட் போடுகிற கதை. சிவப்பில் ஒளிரும் கார்பன் புள்ளிகளும் இருக்கின்றன. ஆனால் செய்முறை அவ்வளவு சுலபமில்லை, ஒரு தடவை வந்த நிறம் அடுத்த தடவை வராமல் போகும், அவற்றில் பல தண்ணீருக்குள் மங்கும். ஒன்றரை வருஷ எம்.எஸ்ஸிக்கு அந்தச் சூதாட்டம் வேண்டாம்.

குவாண்டம் புள்ளி என்பது குறைகடத்திப் பொருளின் நானோ துகள். அதைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. 2023-இன் வேதியியல் நோபல் இதற்குத்தான் கிடைத்தது. பாவெண்டி, ப்ரூஸ், எகிமோவ் மூவரும் பகிர்ந்துகொண்டார்கள். துகளின் அளவை மாற்றினாலே நிறம் மாறும், பிரகாசத்தில் இந்த நால்வரில் இதை மிஞ்ச ஆளில்லை. டிவி திரைக்கு அற்புதம். ஆனால் நல்லவை என்று பேரெடுத்தவற்றில் பல காட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்தவை. காட்மியம் உடம்பில் நுழைந்தால் சிறுநீரகத்தில் போய்ப் பத்து இருபது வருஷம் குடியிருக்கும். சர்க்கரை நோயாளியின் சிறுநீரகம் ஏற்கனவே தள்ளாடுவது. மேலே எத்தனை அடுக்குக் கவசம் போட்டாலும், சீழும் பெராக்சைடும் நிறைந்த புண்ணில் வாரக்கணக்கில் ஊறினால் கசியாது என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன். இண்டியம் பாஸ்பைடில் காட்மியம் இல்லாத வகை கிடைக்கிறது, அவள் எழுதியிருந்த விலையைப் பார்த்து நாங்கள் இருவருமே சிரித்தோம். பட்டியலிலிருந்து அடித்துவிட்டோம்.

அருமண் துகள் மேல் எனக்கு ஒரு சொந்தப் பாசம். அருமண் என்பது இங்கிலீஷில் rare earth எனப்படும் உலோகத் தனிமங்களின் கூட்டம். எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் மணவாளக்குறிச்சி. அந்தக் கடற்கரை மணலில் அருமண் தனிமங்கள் அடங்கிய மோனசைட் என்ற கனிமம் இருப்பதை 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்டுபிடித்தார். அந்தக் காலத்தில் அது எதற்கு வேண்டியிருந்தது தெரியுமா? வாயு விளக்கின் மேண்டிலுக்கு. கல்யாண வீட்டுப் பெட்ரோமாக்ஸ் லைட்டில் வெள்ளை வலைப்பை ஒன்று தொங்குமே, அந்த வகைதான். தோரியம் ஆக்சைடோடு ஒரு சதவீதம் போல சீரியம் ஆக்சைடு. சீரியமும் ஒரு அருமண் தனிமம்தான். இந்த நாட்டிலும் மோனசைட் உண்டு, ரிச்சர்ட்ஸ் பே மணலிலும், மேற்குக் கேப்பின் ஸ்டீன்காம்ப்ஸ்க்ரால் பழைய சுரங்கத்திலும். இரண்டு ஊர் மணலிலும் விளக்கு ஒளிந்திருக்கிறது என்று அவளிடம் பெருமையாகச் சொன்னேன்.

இந்தத் துகள்கள் செய்யும் வித்தை தலைகீழானது. சாதாரணச் சாயம் அதிக ஆற்றலுள்ள ஒளியை வாங்கிக் குறைந்த ஆற்றலில் கொடுக்கும். இட்டெர்பியம், எர்பியம் என்ற அருமண் தனிமங்கள் கலந்த துகளோ கண்ணுக்குத் தெரியாத 980 நானோமீட்டர் அகச்சிவப்பை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பச்சையாகவும் சிவப்பாகவும் திருப்பித் தரும். தூலியம் கலந்தால் நீலமும் 800-ஐ ஒட்டிய அகச்சிவப்பும் வரும். உடம்பில் வேறு எதுவும் இப்படி ஒளிராது, அதனால் பின்னணி கும்மிருட்டு, துகள் மட்டும் நட்சத்திரம். பல மணி நேரம் பாய்ச்சினாலும் வெளுக்காது. காகிதத்தில் இதுதான் ராஜா.

பிரச்சினை தண்ணீர். 808 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சுவதைவிட இருபது மடங்குக்கு மேல் தண்ணீர் 980-ஐ உறிஞ்சுகிறது. நம் ஜெல்லோ முக்காலே மூணுவீசம் தண்ணீர். லேசர் துகளுக்குப் போய்ச் சேரும் முன்பே நுங்கு சூடாகிவிடும். போதாக்குறைக்கு, துகளின் மேற்பரப்பைத் தொடும் தண்ணீர் மூலக்கூறுகள் அருமண் அயனியின் ஆற்றலைத் தங்கள் அதிர்வாக மாற்றித் திருடிக்கொள்ளும். எண்ணெயில் மிதக்கும்போது பளீரென்று இருந்த துகள் ஜெல்லுக்குள் போனதும் மூஞ்சியைத் தொங்கப்போடுவது இதனால்தான். வெளியே ஒரு கவச அடுக்கு போட்டு, நியோடிமியம் சேர்த்து 808-க்கு மாற்றினால் ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் சமாளித்த பிறகும், வாங்கிய ஒளியில் திருப்பித் தருவது பெரும்பாலும் நூற்றில் ஒன்றுக்கும் கீழே. அதற்கேற்ற லேசர் வேண்டும், லேசருக்கேற்ற கண்ணாடி வேண்டும், ஒரு கிராமியக் கிளினிக்கில் சிஸ்டர் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பாசம் ஒரு பக்கம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

(இதே இனத்தில் இன்னொன்று, இரவில் ஒளிரும் பொம்மைகளில் இருக்கும் ஸ்ட்ரான்சியம் அலுமினேட். ஒரு தடவை வெளிச்சம் காட்டினால் மணிக்கணக்கில் ஒளிரும். தண்ணீர் பட்டால் சிதையும். குரோமியம் கலந்த ஜிங்க் கேலேட் சிதையாது, சிவப்பில் ஒளிரும், ஆனால் மங்கல்.)

நாலாவது, ஐசிஜி. இண்டோசயனின் க்ரீன். புகைப்படத் தொழிலுக்காகக் கோடாக் கம்பெனி உருவாக்கிய சாயம். 1959-லிருந்து அமெரிக்காவில் மனித உடம்பில் செலுத்த அனுமதி. அறுபது வருஷத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் பழகிய முகம். 800-ஐ ஒட்டி ஒளியை வாங்கி 830-ஐ ஒட்டித் திருப்பித் தரும். சாளரத்தின் நட்டநடு, மெலனின் தொல்லை மிகக் குறைவு. புண்ணிலிருந்து கசியும் நீரில் இருக்கும் அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டால் இன்னும் பிரகாசம். அனுமதி என்று வரும்போதும், தென்னாப்பிரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சாப்ராவிடம் புத்தம்புது மூலக்கூறோடு போய் நிற்பதைவிடத் தெரிந்த முகத்தோடு போவது நல்லது.

அப்படியானால் இதையே வாங்க வேண்டியதுதானே? அவளும் அதைத்தான் கேட்டாள். பதிலுக்கு என் சொந்தக் கதையைச் சொன்னேன். 2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்த நாட்கள். தினமும் பல மணி நேரம் கரண்ட் இருக்காது. ஐசிஜியைத் தண்ணீரில் கரைத்து, கடற்பாசிச் சரக்கான ஆல்ஜினேட்டில் ஜெல்லாக வார்த்து, கரண்ட் வரட்டும் என்று ஜன்னலோரத் தட்டில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். டர்பன் வெயில். திரும்பி வருவதற்குள் பேச்சு நீண்டு மத்தியானம் ஆகிவிட்டது. காலையில் அடர்ந்த பச்சையாக இருந்த வில்லைகள், கழுவிய பாத்திரத் தண்ணீர் மாதிரி வெளிறிக் கிடந்தன. குற்றம் என்னுடையதுதான், மின்சாரத்தின் மேல் போட முடியாது. கரைத்த ஐசிஜியைச் சில மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்று சீசாவிலேயே எழுதியிருக்கும். வெளிச்சமும் தண்ணீரும் சேர்ந்து அதைத் தின்றுவிடும். மூன்று நாள், நான்கு நாள் புண்ணின் மேல் இருக்க வேண்டிய கட்டுக்கு இந்தச் சாயம் ஒத்துவராது. லிப்போசோம் என்ற நுண்ணிய கொழுப்புக் குமிழிக்குள் அடைத்தால் ஆயுள் கூடும். ஆனால் அது தனியாக ஒரு பி.எச்டி.

ஐசிஜியின் உண்மையான இடம் வேறு. நரம்பில் ஊசி போட்டு, பாதத்தில் இரத்தம் எங்கே போகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று காமிராவில் பார்க்கலாம். அறுவை சிகிச்சை நிபுணர்கள் அதைச் செய்கிறார்கள். கால் புண்ணில் முதல் கேள்வியே இரத்தம் வருகிறதா என்பதுதான், அதற்கு எந்த ஜெல்லும் பதில் சொல்லாது. ஆயாவின் மருத்துவரிடம் இதைக் கேட்கச் சொன்னேன்.

இப்போது என் ஐந்தாவது ஆள். தாலோசயனின். பெயர் புதிதாக இருந்தாலும் முகம் தெரிந்ததுதான். முருகன் காலண்டரில் மயிலின் கழுத்து நீலம் இருக்கிறதே, அச்சு மையின் அந்த நீலம் காப்பர் தாலோசயனின். நடுவில் செம்பு இருக்கும்வரை அது ஒளிராது. செம்பை எடுத்துவிட்டு துத்தநாகத்தை வைத்தால் கதையே மாறும். 670-ஐ ஒட்டிய சிவப்பை வாங்கி, கொஞ்சத்தைச் சற்றே நீண்ட சிவப்பாகத் திருப்பித் தரும். மீதியில் ஒரு பங்கைப் பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனிடம் கொடுத்து, சிங்லெட் ஆக்சிஜன் என்ற மூர்க்கமான வடிவத்துக்கு மாற்றும். அது கிருமியின் சவ்வைக் கிழிக்கும். காட்டும் வேலையும் கொல்லும் வேலையும் ஒரே மூலக்கூறுக்குள். இன்னொரு காரணம், இது இந்த நாட்டில் ஊறிய அறிவு. மக்காண்டா ஊரில் ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டெபெல்லோ நியோகாங் பல பத்தாண்டுகளாக ஒளிச் சிகிச்சைக்கான தாலோசயனின்களைச் செய்து வருகிறார். லெசோத்தோவில் பிறந்தவர், 2009-இல் லோரியால்-யுனெஸ்கோ விருது பெற்றவர். ஜோஹன்னஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் லேசர் ஆய்வு மையத்தில் புண் ஆற்றும் ஒளி பற்றியும் புற்றுநோய்க்கான ஒளிச் சிகிச்சை பற்றியும் வேலை நடக்கிறது. சந்தேகம் வந்தால் ஐரோப்பாவுக்கு ஈமெயில் போட்டுக் காத்திருக்க வேண்டாம், பஸ்ஸில் ஏறிப் போய்க் கேட்கலாம்.

குறைகளை மறைக்கவில்லை. வெறும் துத்தநாகத் தாலோசயனின் தண்ணீரில் கரையாது. அப்பளம் அடுக்கியது மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் ஒளிர்வும் போச்சு, ஆக்சிஜனைத் தூண்டுவதும் போச்சு. அதனால் மின்னூட்டம் உள்ள, கரையும் வகையைத்தான் வாங்க வேண்டும். அடுத்தது, வாங்கும் ஒளிக்கும் கொடுக்கும் ஒளிக்கும் இடைவெளி பத்து நானோமீட்டர் அளவுதான். 670-ஐப் பாய்ச்சி 680-ஐப் பார்க்க முயன்றால், பாய்ச்சிய ஒளியே காமிராவின் கண்ணைக் கூசவைக்கும். அதற்கு வழி இருக்கிறது. பார்க்கும்போது 610-ஐ ஒட்டிய மங்கலான ஆரஞ்சு எல்இடியைப் போட்டு, 690-க்கு மேலே மட்டும் விடும் வடிகட்டியை காமிரா முன் வைக்கலாம். கொல்லும்போது மட்டும் 670-ஐப் பலமாகப் பாய்ச்சலாம். மொபைல் காமிராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி இருப்பதால் அது சரிப்படாது. ராஸ்பெர்ரி பை கணினிக்கு அந்த வடிகட்டி இல்லாத காமிரா குறைந்த விலையில் கிடைக்கிறது, அது போதும்.

ஆனால் எங்களை ஏழரை மணி வரை உட்கார வைத்தது இவை எதுவும் இல்லை. அவள்தான் அதைப் பிடித்தாள். "அக்கா, சிங்லெட் ஆக்சிஜன் எவ்வளவு தூரம் போகும்?" தண்ணீரில் அதன் ஆயுள் மூன்றரை மைக்ரோ விநாடி. அதற்குள் அது நூறு, இருநூறு நானோமீட்டர் நகர்ந்தால் பெரிய விஷயம். ஒரு பாக்டீரியாவின் நீளமே ஆயிரம் நானோமீட்டர். அப்படியானால் சாயம் ஜெல்லுக்குள் பத்திரமாகப் பூட்டியிருந்தால், ஜெல்லுக்கு வெளியே புண்ணில் இருக்கும் கிருமிக்கு ஒன்றுமே ஆகாது. அடுத்த தெருவில் வெடித்த பட்டாசு மாதிரி. படம் எடுப்பதற்குச் சாயம் ஜெல்லை விட்டு நகரக் கூடாது, நகர்ந்தால் எங்கே ஜெல், எங்கே புண் என்ற எல்லை அழிந்துவிடும். சிகிச்சைக்கோ சாயம் கிருமியின் மேலேயே போய் ஒட்ட வேண்டும். ஒரே ஜெல்லிடம் இரண்டு வேலையும் எதிர்பார்க்கும்போது இந்த முரண்டு இருந்தே தீரும். ஐவரில் யாரை எடுத்தாலும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது.

எங்களுக்குப் பட்ட வழி இது. நேர்மின்னூட்டம் உள்ள தாலோசயனினை, எதிர்மின்னூட்டம் உள்ள ஆல்ஜினேட்டில் வைப்பது. ஆல்ஜினேட் கால்சியம் பட்டால் கெட்டியாகும். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருக்கும். புண்ணிலிருந்து உப்பு நீர் கசியும் பக்கத்தில் சோடியம் உள்ளே புகுந்து கால்சியத்தை வெளியேற்ற, ஜெல்லின் அடிப்பக்கம் மட்டும் இளகும். சந்தையில் இருக்கும் ஆல்ஜினேட் கட்டுகளே அப்படித்தான் புண்ணில் குழைகின்றன. இளகிய இடத்தில் சாயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாறும். பாக்டீரியாவின் மேற்பரப்பும் எதிர்மின்னூட்டம் உள்ளது, அதனால் சாயம் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். சூடோமோனாஸ் மாதிரி இரட்டைச் சவ்வு உள்ளவற்றை எதிர்மின்னூட்டச் சாயம் லேசில் தொடாது, நேர்மின்னூட்டம் உள்ளதுதான் பிடிக்கும். மேல்பக்கம் பூட்டு, அடிப்பக்கம் சாவி. நடக்குமா என்பதைத்தான் ஒன்றரை வருஷம் அவள் அளந்து பார்க்கப் போகிறாள். சர்க்கரைப் புண்ணில் ஆக்சிஜன் குறைவு, இந்த மருந்துக்கோ ஆக்சிஜன்தான் தீனி. அந்தச் சந்தேகத்தையும் குறித்துக்கொண்டாள்.

கார்பன் புள்ளியை அவளால் முழுசாக விட முடியவில்லை. சிட்ரிக் அமிலமும் யூரியாவும் எங்கள் அலமாரியில் ஏற்கனவே இருக்கின்றன. சாயம் கப்பலிலோ விமானத்திலோ வந்து, சுங்கத்தில் படுத்து எழுந்து, கைக்கு வரும் வரை அதை வைத்து ஜெல் வார்க்கவும் படம் எடுக்கவும் பழகட்டும் என்றேன். பழகுவதற்கு அதைவிட நல்ல வாத்தியார் இல்லை. ஜெல்லை, அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் போடாதே என்றும் சொன்னேன். 121 டிகிரியில் ஆல்ஜினேட் சங்கிலி அறுந்து கஞ்சியாகிவிடும். சாயக் கரைசலை 0.22 மைக்ரான் வடிகட்டியில் விட்டுக் கிருமி நீக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஆயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, தமிழ் நன்றாக வரும், அதுவும் நான் புத்தகத்தில் மட்டும் பார்த்த சொற்களோடு. காலை ஒரு ஸ்டூல் மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். பேத்தி செய்யப்போவதை நுங்கு உதாரணத்தோடு விளக்கினேன். நுங்கு பார்த்ததில்லை என்றார், அதனால் அகர்அகர் ஜெல்லி என்று மாற்றினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "எரியுமா?"

"எரியும் ஆயா, சிவப்பா, லேசா. கண்ணுக்குச் சரியாத் தெரியாது" என்றேன்.

"விளக்கைக் கேக்கலம்மா. புண்ணைக் கேக்குறேன்."

எனக்கு வாய் அடைத்துவிட்டது. ஒளிச் சிகிச்சையில் ஒளி படும்போது எரிச்சல் வரும் என்பது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. தோல் சிகிச்சையில் நோயாளிகள் பாதியில் நிறுத்தச் சொல்வதற்கு அதுதான் காரணம். எங்கள் படிவத்தில் விலை இருந்தது, அலைநீளம் இருந்தது, நஞ்சு இருந்தது, இது இல்லை. அங்கேயே கணக்குப் போட்டோம். சதுர சென்டிமீட்டருக்கு 50 மில்லிவாட் என்று வைத்தால் 50 ஜூல் சேரப் பதினேழு நிமிஷம். ஒளியைப் பாதியாக்கினால் எரிச்சல் குறையும், நேரம் இரண்டு மடங்காகும், மெதுவாகப் போவதால் தீர்ந்த ஆக்சிஜன் திரும்ப வந்து சேரவும் அவகாசம் கிடைக்கும். முப்பத்துநான்கு நிமிஷம் காலை நீட்டி உட்கார முடியுமா என்று ஆயாவைக் கேட்டோம். டிவி போட்டுவிட்டால் ஒரு மணி நேரமும் உட்காருவேன் என்றார். பேத்தி படிவத்தைத் திருப்பி, பின்பக்கம் ஒரு கோடு கிழித்து, அளக்க வேண்டியவற்றின் பட்டியலில் முதல் வரியாக "எரியுமா" என்று ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டாள்.